பார்சலில் உடைந்த மைக்கூடுகள்

2019 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற கூரியர் தம்பியின் வலது சட்டைக்கை முழங்கை வரை நீலமாக இருந்தது. இரண்டு பாலித்தீன் பைகளுக்குள் போட்டுக் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கையில் எட்டிப் பிடித்தபடி, "சார், உங்க பார்சல்தான் ஒழுகுது, பையில இருந்த மத்ததும் வீணாப்போச்சு" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கலக்கமே அதிகமாக இருந்தது. நான் வெளியூர்க் கடை ஒன்றில் நான்கு மைக்கூடுகளும் ஒரு எபோனைட் பேனாவும் வாங்கியிருந்தேன். அவற்றில் இரண்டு மைக்கூடுகள் வழியில் உடைந்து, அட்டைப்பெட்டியை நனைத்து, சாக்குப்பையின் அடியில் இருந்த பிறருடைய உறைகள் வரை மை இறங்கியிருந்தது. அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய ஒரு கட்டுத் திருமண அழைப்பிதழ்களின் ஓரம் முழுவதும் நீலமாகியிருந்ததை அவர் எடுத்துக் காட்டியபோதுதான், இது என்னுடைய நட்டத்தோடு முடிகிற விஷயம் அல்ல என்பது எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து இன்று வரை மைக்கூடுகளை வரவழைத்தும் அனுப்பியும் வருகிறேன். எங்கள் ஊரில் முன்பு எந்த எழுதுபொருள் கடைக்குப் போனாலும் நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என நான்கு நிறங்களிலாவது மை கிடைக்கும். இப்போது ஊற்றுப்பேனாவில் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டதால், ஓரிரு கடைகளில் நீலமும் கறுப்பும் தூசு படிந்து நிற்கின்றன. கேரளத்துக் கிருஷ்ணா மையோ, கொல்கத்தாவின் சுலேகா மையோ, இங்கிலாந்தின் டயமைன் மையோ வேண்டுமென்றால் தபாலையோ கூரியரையோ நம்பித்தான் ஆக வேண்டும். அதோடு, எங்களைப் போல் ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் மையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே உடைந்த மைக்கூடு என்பது எங்களில் ஒவ்வொருவருக்கும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும் அனுபவம். அதை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதில் நான் செய்த பிழைகளையும், அவற்றின் பின் கற்றுக்கொண்டதையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதல் பிழையை அந்தப் பொட்டலத்தை வாங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே செய்தேன். பதற்றத்தில், கூடத்து மொசைக் தரையில் ஒரே ஒரு செய்தித்தாளை விரித்து, அதன் மேல் வைத்துப் பெட்டியைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே பபுள் ராப்பின் மடிப்புகளில் தேங்கி நின்ற மை, சுற்றைப் பிரித்த கணத்தில் மொத்தமாக வழிந்தது. 60 மில்லி மை என்பது கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரவினால்கூட அது ஆறு சதுர அடிக்கு மேல் மூடிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எவருக்கும் எச்சரிக்கை வரும். போதாக்குறைக்கு, மைக்குள் கண்ணில் படாமல் கிடந்த ஒரு கண்ணாடிச் சில்லு என் பெருவிரலில் இறங்கியது. நீல மை கலந்த இரத்தத்தைக் கண்டு வீட்டில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

இப்போது நான் ஈரம் தெரிகிற எந்தப் பார்சலையும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லருகே, அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, தடித்த ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டுதான் பிரிக்கிறேன். பழைய துணிகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பெட்டியின் மேல்மூடியைத் திறக்காமல், ஈரம் இல்லாத பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை வெட்டித் திறப்பது நல்லது. தேங்கிய மை எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகே பொட்டலத்தைச் சாய்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பார்சலைக் கொண்டுவந்தவர் இன்னும் வாசலில் நிற்கும்போதே, ஆறு பக்கங்களையும் முகவரிச் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்துக் கேட்டால் 'சேதமடைந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்று நான் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக அந்தக் கையெழுத்தையே பின்னர் எனக்கு எதிராகக் காட்டினார்கள்.

கறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எல்லா மையும் ஒரே மை அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலான ஊற்றுப்பேனா மைகள் தண்ணீரில் கரைந்த சாயங்களே. அவற்றை உலர்வதற்குள் ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீரால் மீண்டும் மீண்டும் நனைத்து ஒற்றினால் பெரும்பகுதி போய்விடும். தேய்க்கக் கூடாது, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் கையகலக் கறை முறத்தகலம் ஆகிவிடும். வெந்நீரும் ஆகாது, சூட்டில் சில சாயங்கள் துணி இழையில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளைப் பருத்தித் துணியாக இருந்தால், கடைசியில் மிஞ்சும் நிறத்தை நீர்த்த பிளீச் கரைசல் அழித்துவிடும். சாயமேற்றிய துணியில் அதைப் போட்டால் மையோடு துணியின் நிறமும் போய்விடும்.

அன்று உடைந்த இரண்டில் ஒன்று சாதாரண நீலம். மற்றொன்று நீலக்கறுப்பு, அதுவும் பழைய முறையில் இரும்புச் சத்தையும் துவர்ப்புச் சத்தையும் சேர்த்துச் செய்தது. மேலைநாட்டில் கருவாலி மரத்தின் மாசிக்காயிலிருந்து எடுத்த துவர்ப்பை அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்து இந்த மையைக் காய்ச்சினார்கள். நம் நாட்டில் அதே வேலையைக் கடுக்காய் செய்தது. ஜெர்மனியின் பெலிக்கான் நிறுவனத்து 4001 வரிசையின் நீலக்கறுப்பும், இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளில் எழுதுவதற்கென்றே வழங்கிவந்த பதிவாளர் மையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. எழுதும்போது வெளிறிய நீலமாக இருக்கும் எழுத்து, காற்றுப் பட்டு இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடையும்போது கறுத்து, தண்ணீரில் கரையாததாக மாறிவிடும். எழுத்து நூறாண்டு நிற்பதற்குக் காரணமான அதே இயல்புதான், கறை நிற்பதற்கும் காரணம். அந்த மை என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஓரிரு நாட்கள் அட்டையில் ஊறியிருந்ததால், பெட்டியின் அடிப்பகுதி கரிபிடித்த சட்டிபோல் கறுத்திருந்தது.

இது தெரியாமல், தரையில் விழுந்த இரண்டு கறைகளின் மீதும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். நீலம் போயிற்று. நீலக்கறுப்பு விழுந்த இடத்தில் நீலச் சாயம் மட்டும் மறைந்து, அடியில் இருந்த இரும்பு துருவின் பழுப்பு நிறத்தில் தங்கிவிட்டது. இரும்புக் கறைக்குப் பிளீச் மருந்தல்ல. எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி போன்ற புளிப்புகளே அதைக் கரைக்கும். வேட்டியில் துருக்கறை பட்டால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவது நம் வீடுகளில் வழக்கம்தான். அதை நினைத்து மறுநாள் எலுமிச்சையைப் பிழிந்து அதே இடத்தில் ஊறவைத்தேன். பழுப்பு குறைந்தது. ஆனால் மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லுகள். பளிங்கைப் புளிப்பு அரிக்கும். உள்ளங்கை அளவுக்குத் தரையின் மெருகு போய், இன்றும் அந்த இடம் மங்கலாகவே இருக்கிறது. மொசைக், மார்பிள் தரைகளில் இந்த மை சிந்தினால், காற்றுப்பட்டுக் கறுப்பதற்கு முன் தண்ணீரால் எடுத்துவிடுவது ஒன்றே வழி. சில நிமிடங்களில் செய்ய முடிந்ததைச் சில மணி நேரம் கழித்துச் செய்ய முடிவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை மிகுந்த பொறுப்போடு சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வினிகரோ கழிவறைக்கு ஊற்றும் அமிலமோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அமோனியா கலந்தாலும் நச்சு வாயுதான். கறை போக வேண்டும் என்ற பதற்றத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுகிறவர்கள் பலர். நான் இரண்டுக்கும் இடையில் தரையை நன்றாகக் கழுவி ஓர் இரவு விட்டிருந்ததால் தப்பித்தேன். அது முன்யோசனையால் அல்ல, களைத்துப்போய்ப் படுத்துவிட்டதால் நேர்ந்தது. கையில் பட்ட மையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விட்டால், இரண்டு மூன்று நாளில் தோல் தானே அதை உதிர்த்துவிடும்.

அந்தப் பெட்டியில் இருந்த பேனா, திருவள்ளூரில் கையால் கடைந்து செய்த எபோனைட் பேனா. மையில் முழுகிக் கிடந்த அதை வெந்நீரில் ஊறப்போடலாமா என்று ஒருகணம் நினைத்தேன். நல்லவேளையாக நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர் என்றும், வெந்நீரில் கிடந்தால் மெருகு போய்ப் பழுப்பேறும் என்றும் சொல்லி, குளிர்ந்த நீரில் விரைவாகக் கழுவித் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தச் சொன்னார். எஃகு நிப்பைத் தனியே கழற்றி இருமுறை கழுவினேன், ஏனென்றால் இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. எஃகில் நீண்ட நேரம் உலர்ந்து கிடந்தால் அரிக்கத் தொடங்கும். பேனா முழுமையாகப் பிழைத்தது. இன்றும் தாள் திருத்துவது அதில்தான்.

மீதி மையை மீட்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கிடைப்பதற்கு அரிய நிறம் என்றால் அந்த ஆசை இன்னும் அதிகமாகும். பபுள் ராப்பில் தேங்கி நின்ற நீல மையை, காபி வடிகட்டும் தாளில் இருமுறை வடித்து ஒரு பழைய குப்பியில் ஊற்றிவைத்தேன். அதில் நிரப்பிய பேனாவின் கன்வெர்ட்டர், அதாவது திருகி மை இழுக்கும் உள்குழாய், இரண்டு வாரத்தில் மை இழுக்க மறுத்தது. திருகும்போது உள்ளே நறநறவென்று ஓர் உராய்வு. தாளைத் தாண்டி வந்த கண்ணாடித் துகளா, குப்பியிலேயே இருந்த ஏதேனுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு மீட்ட மையை எந்தப் பேனாவுக்குள்ளும் நான் விடுவதில்லை. தொட்டு எழுதும் நிப்புக்கும், தூரிகையில் நிறம் தீட்டுவதற்கும் மட்டுமே வைத்துக்கொள்கிறேன். நல்ல மையிருக்கும் கூட்டில் அதைத் திருப்பி ஊற்றவும் கூடாது. அட்டையிலும் அழுக்குப் பையிலும் பட்டு வந்த மையில் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு அதிகம். அது ஒரு கூடு மையையும் கெடுத்துவிடும். உடையாமல் தப்பிய மற்ற இரண்டு கூடுகளை வெளியே கழுவித் துடைத்து, மூடியின் திருகிலும் ஈரம் இல்லாமல் எடுத்துவிட்டுத்தான் திறந்தேன்.

உடைந்த சில்லுகளை நான் உடனே வீசவில்லை. புகாருக்குச் சான்றாக வேண்டும் என்பதற்காக வைத்திருந்தேன், ஆனால் அவை எனக்கு வேறொன்றையும் கற்றுத்தந்தன. கழுவி உலர்த்தி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, இரண்டு கூடுகளிலும் விரிசல் ஒரே உயரத்தில், கழுத்துக்குக் கீழே தோள் திரும்புகிற இடத்தில் தொடங்கியிருந்தது. அந்த இரண்டையும் அருகருகே நிறுத்தினால் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று தொட்டன. அனுப்பியவர் நான்கு கூடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, ரப்பர் பட்டை போட்டு, வெளியே மட்டும் தாராளமாக நான்கைந்து சுற்றுப் பபுள் ராப் சுற்றியிருந்தார். வெளியிலிருந்து வரும் இடியை அந்தச் சுற்று தாங்கியிருக்கலாம். உள்ளே கண்ணாடியைக் கண்ணாடியே இடிப்பதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். கடினமான மற்றொரு பொருள் ஒரே புள்ளியில் உரசுவது அந்தக் கீறலையும் உண்டாக்குகிறது, இடியையும் கொடுக்கிறது.

அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் இருக்கும் தோழி ஒருவருக்கு நானும் இதே முறையில்தான் இரண்டு கூடுகளை அனுப்பி, ஒன்று உடைந்துபோய்ச் சேர்ந்திருந்தது. அப்போது நான் கூரியர்காரர்களைத்தான் குறை சொன்னேன். இந்த முறை ஆறு பழைய கூடுகளில் தண்ணீர் நிரப்பி, விதவிதமாகக் கட்டி, மார்பளவு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தேன். தனியாக மூன்று சுற்றுச் சுற்றிய கூடு மூன்று முறை விழுந்தும் உடையவில்லை. சேர்த்துக் கட்டிய இணை இரண்டாவது வீழ்ச்சியிலேயே விரிந்தது. நன்றாகச் சுற்றியும் பெரிய பெட்டிக்குள் ஆடும்படி விட்ட கூடு, விழுந்ததில் உடையாமல், பெட்டியைப் பத்து நிமிடம் குலுக்கியதில் மூடி தளர்ந்து ஒழுகியது. ஆறு கூடுகளை வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் கட்டும் முறை அன்றோடு மாறியது.

இப்போது முதலில் மூடியைத் திறந்து, திருகுப் பகுதியைத் துடைத்து, குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை, மூடி திருகும் திசையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி மூடுகிறேன். மூடியும் கண்ணாடியும் சேரும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சற்று இழுத்துப் பிடித்து ஒட்டுகிறேன். செல்லோ டேப் இழுவைக்குக் கொடுக்காது, ஆகவே மூடி தளர்வதை அது தடுப்பதில்லை. விமானத்தில் போகும் பார்சலுக்கு இது இன்னும் முக்கியம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறையக்கூடும். கூட்டின் மேற்பகுதியில் அடைபட்ட காற்று அதற்கேற்ப மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். மூடி தளர்ந்திருந்தால் அந்தக் காற்று மையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கூடு உடையாமலே பெட்டி நனைந்து வருவதற்கு இது ஒரு காரணம். வந்து சேர்ந்த கூட்டை ஒருநாள் நிமிர்த்தி வைத்திருந்து, டப்பின் மேல் பிடித்துத் திறப்பதும் இதனால்தான். சில தயாரிப்பாளர்கள், குறிப்பாக நூட்லர்ஸ், கழுத்து வரை தளும்பத் தளும்ப நிரப்பி அனுப்புவதால், பழக்கமில்லாதவர்கள் திறக்கும்போதே கொட்டிவிடுகிறார்கள்.

மூடிய கூட்டை ஒரு ஜிப் லாக் கவரில் போடுகிறேன். அந்தக் கவருக்குள் கூட்டைச் சுற்றி ஒரு குழந்தை டயாப்பரை மடித்து வைக்கிறேன். இதைச் சொன்னால் வியப்பவர்கள் உண்டு. ஆனால் டயாப்பருக்குள் இருக்கும் உறிஞ்சும் துகள்கள் ஒரு கூடு மையை முழுவதுமாக இழுத்து, கூழாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். செய்தித்தாளும் பஞ்சும் உறிஞ்சினாலும், அழுத்தினால் திருப்பி வழியவிடும். இதற்கு மேல் இரண்டாவது கவர், முதல் கவரின் வாய் கீழே இருக்கும்படி. அதற்கு மேல்தான் பபுள் ராப், ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியே. பிறகு சிறிய பெட்டி. அதற்கு நான்கு பக்கமும் மேலும் கீழும் இரண்டு விரற்கடையாவது இடம்விட்டு, அந்த இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்கமாக நிரப்பிய பெரிய பெட்டி. காதருகே வைத்துக் குலுக்கும்போது சத்தமும் கூடாது, கையில் ஆட்டமும் தெரியக் கூடாது. 'உடையக்கூடியது' என்ற சீட்டை ஒட்டுகிறேன், ஆனால் அதை நம்புவதில்லை. சாக்குப்பைக்குள் நூறு பார்சல்களோடு போடப்படும்போது அந்தச் சீட்டைப் படிக்க யாருக்கும் வாய்ப்பில்லை.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. 1874 இல் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளிலேயே, திரவங்களைக் கசியாத கலத்தில் அடைத்து, ஒவ்வொரு கலத்தையும் தனிப் பெட்டியில் வைத்து, உடைந்தால் முழுத் திரவத்தையும் உறிஞ்சும் அளவுக்கு மரத்தூளோ பஞ்சோ அதுபோன்ற வேறு பொருளோ நிரப்ப வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதியை முதன்முறை படித்தபோது என்னை நிறுத்தியது அதன் முன்னனுமானம்தான். கூடு உடையும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. உடையாமல் காப்பது என் பொருளுக்காக நான் செய்வது; உடைந்தால் வெளியே வராமல் காப்பது, அதே சாக்கில் பயணம் செய்யும் பிறருடைய கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் நான் செய்ய வேண்டியது. பார்சல் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முதலாவதற்கு எவ்வளவோ செலவழிக்கிறார்கள், இரண்டாவதை நினைப்பதேயில்லை. இரண்டு கவருக்கும் ஒரு டயாப்பருக்கும் பெரிய செலவும் ஆவதில்லை.

வாய்ப்பிருந்தால் கண்ணாடியையே தவிர்த்துவிடலாம். நண்பர்களுக்குள் மாதிரி அனுப்பும்போது, 5 மில்லி, 10 மில்லி கொள்ளும் திருகுமூடிப் பிளாஸ்டிக் குப்பிகளே போதும். டயமைன் நிறுவனம் 30 மில்லி கூடுகளைப் பிளாஸ்டிக்கிலும் 80 மில்லி கூடுகளைக் கண்ணாடியிலும் விற்கிறது. தபாலில் வாங்குகிறவருக்கு 30 மில்லியே நிம்மதி. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்குக் கண்ணாடிதான் மேல், ஏனெனில் பிளாஸ்டிக் சுவர் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. கனடாவில் இருக்கும் என் தங்கை மகள் ஜனவரியில் வரவழைத்த ஒரு கூடு, யாரும் கீழே போடாமலே வெடித்திருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. நிரம்பிய கூட்டில் அதற்கு இடமில்லை.

புகாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுப்பிய கடை முதலில் கூரியரைக் கைகாட்டியது. கூரியர் நிறுவனம் பொதிந்த முறையைக் குறை சொன்னது. பொதிந்த முறை பிழை என்பது உண்மைதான். ஆனால் வாங்கியவனுக்கும் கூரியருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பொருளை நல்ல நிலையில் சேர்ப்பது விற்றவரின் பொறுப்பு. படங்களோடும் பொருத்திவைத்த சில்லுகளின் படத்தோடும் அன்றே எழுதியிருந்தால் எளிதில் முடிந்திருக்கும். நான் நான்கு நாள் கழித்து எழுதியதால் ஆறு வாரம் இழுத்து, பாதித் தொகைதான் கிடைத்தது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 இல் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. விற்பவர் பதிலே தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். இருந்தாலும் முதல் கடிதத்தைக் கடுமையாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. மை விற்கும் கடைகள் நம் நாட்டில் மிகச் சில. அவர்களில் பலர் இதை ஆசையால் நடத்துகிறவர்கள். எப்படி உடைந்தது என்று படத்தோடு விளக்கி எழுதிய பிறகு, அதே கடை கூடுகளைத் தனித்தனியே கட்டத் தொடங்கியது. இன்றும் அங்கேதான் வாங்குகிறேன்.

புகார் முடிந்ததும் சில்லுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, டேப்பால் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கையிலேயே கொடுத்தேன். பாலித்தீன் பையில் போட்டுத் தொட்டியில் எறிந்தால், என் பெருவிரலுக்கு நேர்ந்தது வெறுங்கையோடு குப்பை பிரிக்கும் இன்னொருவருக்கு நேரும்.

அந்தத் திருமண அழைப்பிதழ்களுக்கு உரியவர் வீட்டுக்கு அன்று மாலையே கூரியர் தம்பியோடு நானும் போனேன். அவர் தனியாகப் போனால் பழி அவர் மேல்தான் விழும் என்று தோன்றியது. கறைபட்டவை நாற்பதுக்கு மேல் இருந்தன. அந்த வீட்டு அம்மா முதலில் கலங்கினார். மஞ்சள் தடவிய பத்திரிகையில் கறை என்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும். திருமணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததால், அச்சகத்தில் சொல்லி மீண்டும் அடித்துக்கொடுக்கும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். தம்பிக்கு ஒரு சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு என் பெயருக்கு எந்தப் பார்சல் வந்தாலும் அவர் பையின் மேல்பக்கத்தில் தனியாக வைத்துக் கொண்டுவந்தார்.

சென்ற ஆண்டு நாகர்கோவில் தோழிக்கு மூன்று மைக்கூடுகளை, இப்போது நான் கட்டும் முறையில் கட்டி, நடுவில் ஒரு கடிதமும் வைத்து அனுப்பினேன். பெட்டியின் ஒரு மூலை உள்ளே நசுங்கிப்போய்ச் சேர்ந்திருந்தது. கனமான ஏதோ ஒன்று அதன் மேல் விழுந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு கூடு அடியோடு உடைந்திருந்தது. உடைந்த கூட்டின் கவரை அவர் திறக்காமலே வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார்: டயாப்பர் பச்சை நிறத்தில் ஊறிப் பருத்திருந்தது, கவருக்கு வெளியே அட்டை காய்ந்த அட்டையாகவே இருந்தது. மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்து, அந்த மையிலேயே எனக்கு மறுகடிதம் எழுதியிருந்தார். நான் வைத்த கடிதத்தின் ஓரத்தில்கூட ஒரு துளி பச்சை படவில்லை என்பது அதன் முதல் வரி.